நாலாவது குவியல்

கடல் பழைய ஊரை எடுத்துக்கொண்டதும், எஞ்சியவர்களுக்கு அரசாங்கம் செம்மணல் மேடுகளான தேரிக் காட்டின் ஓரத்தில் ஒரு காலனி கட்டிக் கொடுத்தது. எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லா முற்றமும் ஒரே அளவு, தாயக்கட்டம் போட்டதுபோல வரிசை வரிசையாக நின்ற அதற்குச் செந்தேரிவிளை என்று பெயர் வைத்தார்கள், நடுவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பக்கமும் நாலு அண்டை வீடு வாய்த்தது, ஓரத்து வீடுகளுக்கு மட்டும் ஒரு பக்கம் கடற்கரையோ பனங்காடோ வாய்த்தது, குடிவந்து முதல் மழை முடிந்து, தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிற குழப்பமெல்லாம் தீர்ந்த பிறகு, ஒரு நாள் விடிகிற நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒரு மாட்டுவண்டி அளவு செம்மணல் குவியலாக விழுந்தது. மறுநாள் வேறொரு முற்றத்தில் விழுந்தது. அதற்கும் மறுநாள் இன்னொன்றில். எங்கிருந்து விழுகிறது என்று கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்து வலித்தது, பிறகு கீழே பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

மணலுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு முற்றத்தில் மூன்று குவியல்வரை சும்மா கிடக்கும். ஆடு ஏறும், பிள்ளைகள் சறுக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. நாலாவது வந்து சேர்ந்துவிட்டால் நாலும் எழுந்திருக்கும், எழுந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து, சுவரேறி, நாலு அண்டை வீட்டு முற்றத்திலும் போய் உட்காரும், அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தால் அங்கேயும் நாலாகி, அங்கேயிருந்தும் எழுந்து, இப்படியே போய்க்கொண்டிருக்கும். ஓரத்து வீட்டில் எழுந்தது மட்டும் ஒரு பங்கைக் கடலுக்கோ காட்டுக்கோ கொடுத்துவிடும், அது திரும்பி வராது. அள்ளிக் கொட்டிப் பார்த்தார்கள். ஆள் குடியிருக்கிற முற்றத்து மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும், பொழுது சாய்வதற்குள் வழி விசாரித்ததுபோல அதே வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அள்ளுவதையும் விட்டார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகுவார்கள், செந்தேரிவிளைக்காரர்கள் சீக்கிரமே பழகினார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதில் "ஒங்க வீட்ல எத்தன?" என்று கேட்டார்கள். மூன்று கிடக்கிற வீட்டில் கல்யாணம் வைப்பதில்லை, பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்கவைப்பதில்லை. ஓரத்து வீடுகளில் ஆரம்பத்தில் யாரும் போக விரும்பவில்லை, இப்போது ஓரத்து வீட்டுப் பையன் என்றால் கறுப்போ சிவப்போ என்று பார்க்காமல் பெண் கொடுத்தார்கள். ஓட்டங்களுக்குப் பெயரும் வைத்தார்கள். ஒரு வீடு, இரண்டு வீட்டோடு நின்றுபோனால் தும்மல். ஒரு தெரு முழுக்கப் போனால் நடை. தும்மல் அடிக்கடி வரும், நடை எப்போதாவது வரும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் இத்தனை வீடு என்று கோடு கிழிக்க முடியவில்லை. அரைத் தெரு போனதைத் தும்மல் என்பதா நடை என்பதா என்று டீக்கடையில் சண்டை வந்து சட்டை கிழிந்திருக்கிறது. சாதாரணமாக ஒரு ஓட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று வெளியூர் மாப்பிள்ளை யாராவது கேட்டால், சாதாரணம் என்று ஒன்று கிடையாது மாப்பிள்ளை, வந்த பிறகுதான் தெரியும் என்பார்கள்.

எந்த வீட்டில் விழுந்து ஓட்டம் கிளம்பியதோ அந்த வீட்டுக்காரி, மண் அடங்கியதும், ஓடிய வீடுகளுக்கெல்லாம் ஒரு துண்டு கருப்பட்டி கொண்டுபோய்க் கொடுத்து, பொறுத்துக்கிடுங்க என்று சொல்லவேண்டும் என்பது வழக்கம். தும்மலுக்குக் கருப்பட்டி. நடைக்குத் தெருமுனையில் பொங்கல். வழக்கத்தில் தவறொன்றும் இல்லை, நல்ல வழக்கம்தான். ஆனால் கருப்பட்டியிலிருந்து பொங்கலுக்குப் போகும்போதே அவர்கள் மனத்தில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. சின்ன ஓட்டத்துக்குச் சின்னத் தப்பு, பெரிய ஓட்டத்துக்குப் பெரிய தப்பு. விழுகிற குவியல் எல்லா நாளும் ஒரே அளவுதான் என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள், பார்த்தும் அந்தக் கணக்கை ஒருவரும் மாற்றவில்லை.

காலனியின் நடுத்தெருவில் ராசகனி குடியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையில்லை, உப்பளத்துக்குப் போய் உப்பு வாரிப் பிழைத்தாள். அந்த வீடு அவள் பெயரில் பட்டாவானது. பிறந்த வீட்டில் அண்ணன் பெயர், புகுந்த வீட்டில் மாமியார் பெயர் என்று இருந்துவிட்டு வந்தவளுக்கு, தன் பெயரில் ஒரு கதவு இருக்கிறது என்பதே பெரிய சங்கதியாக இருந்தது. சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் முதல் காரியமாக நிலைப்படியைத் துடைப்பாள். அதில் தூசி இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்ததில்லை. மேற்கே அடுத்த வீட்டுக்காரி தங்கபுஷ்பம். இரண்டு பேருக்கும் குழாயடியில் மாதம் ஒரு சண்டை, மறுநாளே ஒரே குழம்பு.

அன்று விடியும்போது ராசகனி வீட்டில் மூன்று கிடந்தது. அவள் வீட்டில் மட்டுமல்ல, பாதிக் காலனிக்கு மேல் மூன்று மூன்றாகக் கிடந்தது, ஆனால் அவரவர் அவரவர் முற்றத்தைத்தான் பார்த்தார்களே ஒழிய மொத்தமாக யாரும் பார்க்கவில்லை. ராசகனி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நாலாவது விழுந்தது, எழுந்தது, பிரிந்தது, அண்டை வீடுகள் நாலும் எழுந்தன, அவற்றின் அண்டை வீடுகள் எழுந்தன, கொடுத்த வீட்டுக்கே மண் திரும்பி வந்து அதுவும் இரண்டாம் முறை எழுந்தது, மூன்றாம் முறை எழுந்தது, சுவர்கள் சாய்ந்தன, ஆடுகள் மூடுண்டன, கோயில் வாசலை மூடிக்கொண்டு போய் மறுபுறம் இறங்கியது, வெயில் ஏறுகிறவரை செம்மணல் காலனி முழுக்க நடந்து, கடைசியில் நாலு ஓரத்திலும் கொட்டி ஓய்ந்தது. ஊர்த்தலைவர் ஆதிலிங்கத்தின் தம்பி சுயம்பு முற்றத்தில் படுத்திருந்த கட்டிலோடு மண்ணுக்குள் போயிருந்தான். தோண்டி எடுத்தபோது ஒரு கை தலைக்கு அடியில் வைத்தபடி தூங்கிய கோலத்திலேயே இருந்தான். அந்த ஓட்டத்துக்கு அதுவரை பெயர் இல்லாததால், தேர் என்று வைத்தார்கள்.

தேருக்கு என்ன செய்யவேண்டும் என்று வழக்கமும் இல்லை. கருப்பட்டி போதாது, பொங்கலும் போதாது. ஊர் கூடியது. எங்கே முதலில் விழுந்தது என்பதில் சந்தேகமில்லை, என்ன தப்பு என்பதுதான் தெரியவேண்டியிருந்தது, தேர் அளவுக்கு ஒரு தப்பைத் தேடினார்கள். ராசகனி யோசித்து யோசித்து, ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்ததையும், மாமியாருக்குக் கஞ்சி கொடுக்கும்போது முகத்தைச் சுளித்ததையும் சொன்னாள். கூட்டம் உதட்டைப் பிதுக்கியது. அதெல்லாம் தும்மலுக்குக்கூடக் காணாது என்றார் ஒருவர்.

அப்போது தங்கபுஷ்பம் எழுந்தாள். அவள் வீட்டுச் சுவர் இரண்டு விழுந்திருந்தது, மூன்று ஆடு போயிருந்தது, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போன வாரம் கொழாயடில வச்சு, எல்லாரும் மண்ணாப் போங்கன்னு சொன்னா. என் காதால கேட்டேன்."

மண்ணாப் போங்க என்று சொல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது, தங்கபுஷ்பமே ஒரு நாளைக்கு ஒருமுறையாவது சொல்லுவாள். ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சொல் தேர் அளவுக்கு இருந்தது. ராசகனி அவளைப் பார்த்தாள், அவள் பார்க்கவில்லை. வெறும் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு நடக்குமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டதற்கு, வெறும் சொல்லாக இருக்காது, செய்வினைத் தகடு எழுதிப் புதைத்திருப்பாள் என்று இன்னொருவர் சொன்னார். அவளை ஊரைவிட்டு அனுப்பினார்கள், தகட்டைத் தேடி வீட்டை இடித்தார்கள், அடுக்களைத் தரையைக் கொத்தினார்கள், கிடைக்கவில்லை, கிடைக்காததால் இன்னும் ஆழமாகப் புதைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு மேலும் தோண்டினார்கள், கிடைக்காதது ஒவ்வொரு முழத்துக்கும் அவள் சாமர்த்தியத்துக்குச் சாட்சியாகிக்கொண்டே போனது, கடைசியில் ஊற்றுத் தண்ணீர் தட்டியபோது கைவிட்டார்கள். காலனியின் நடுவில் ஒரு பெரிய குழி மிச்சமானது.

குழி ஒரு காரியம் செய்தது. அதில் போய் விழுந்த குவியல் எழுந்திருக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஓட்டம் வந்தாலும் ஒரு பகுதி அந்தக் குழிக்குள் இறங்கி அப்படியே அடங்கியது, நடையாகக் கிளம்பியது தும்மலாக நின்றது, தேர் வரவே இல்லை. பார்த்தீர்களா என்றார்கள். அவள் போன பிறகு ஊர் எப்படி இருக்கிறது பார்த்தீர்களா என்று தும்மலுக்குத் தும்மல் சொல்லிக்கொண்டார்கள். ராசகனி குற்றவாளிதான் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

இது ராசகனியின் காதுக்கும் போனது. அளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள், மீன்காரிகள் போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையாகவே தன்னிடம்தான் ஏதோ இருந்ததோ என்று அவளும் வெகுகாலம் தேடினாள். உப்பு வாரும்போது தேடினாள், கூழ் குடிக்கும்போது தேடினாள், சின்ன வயதில் கிணற்றில் போட்ட பூனைக்குட்டிவரை போய்ப் பார்த்தாள். ஊர் தன்னைத் தப்பாக நினைக்கிறது என்பதைவிட, ஊர் சரியாகத்தான் நினைக்கிறதோ என்ற பயம்தான் அவளை அரித்தது. அதோடு, வீடு வேண்டும் என்ற ஆசையும் போகவில்லை. இடித்த வீடுதான், குழிதான், இருந்தாலும் பட்டா அவள் பெயரில்தான் இருந்தது.

அளத்தில் உப்பை அம்பாரமாகக் குவிப்பார்கள். பெண்கள் வரிசையாக ஏறி உச்சியில் கூடையைக் கவிழ்த்துவிட்டு இறங்குவார்கள். ஒரு கூடைக்கு ஒன்றும் ஆகாது, ஒரு கூடைக்குக் கொஞ்சம் உப்பு சரசரவென்று இறங்கி நின்றுகொள்ளும், எப்போதாவது ஒரு கூடைக்கு அம்பாரத்தின் ஒரு பக்கமே வழிந்து தரைக்கு வரும். ஒரு நாள் புதிதாக வேலைக்கு வந்த மரியபுஷ்பம் கொட்டிய கூடைக்கு அப்படி வழிந்தது. மற்றவர்கள் கூடையைவிடப் பாதிதான் அவள் கூடை, இன்னும் தூக்கப் பழகவில்லை. அவள் நடுங்கிப்போய் நின்றாள். ராசகனியும் நின்றாள், கங்காணி வந்து என்ன கேட்கப் போகிறான் என்று பார்த்தபடி நின்றாள். கங்காணி வந்தான், பார்த்தான், சரிஞ்சுபோச்சா, வாரிப் போடுங்க என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டான். யார் கொட்டினது என்று கேட்கவில்லை. பெண்கள் பேசிக்கொண்டே வாரினார்கள். ராசகனி உப்பின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், ஏன் என்று கேட்டவர்களுக்கு, கண்ணுல உப்புப் பட்டுட்டு என்றாள். அன்றைக்குப் பிறகு அவள் தன் தப்பைத் தேடுவதை விட்டுவிட்டாள்.

பல வருஷம் கழித்து, ஒரு நண்பகலில், ஆதிலிங்கம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அளத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கொட்டகை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்த சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"குழி நெறஞ்சுபோச்சு," என்றார்.

"அப்படியா அண்ணாச்சி."

"நெறஞ்ச மறுமாசமே தேர் ஓடிட்டு. கோயில் மண்டபம் போச்சு. ஆளு யாரும் சாவல, அது சாமி புண்ணியம். இந்தத் தடவ மொதல்ல விழுந்தது தங்கபுஷ்பம் வீட்ல."

ராசகனி முந்தானையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"ஊர்ல பேசி முடிச்சாச்சு. குழி நெறஞ்சதுன்னா ஒன் பாவம் தீந்துபோச்சுன்னுதான அர்த்தம். நீ வரலாம். நெரவி, மேல வீடு கட்டித் தாரோம், ஊர்ச் செலவு. தங்கபுஷ்பம் வீட்டத் தோண்டணும். ஆனா அவ ஒத்துக்கிட மாட்டேங்கா, நான் என்ன செஞ்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அதான் ஒங்கிட்ட வந்தோம். நீ என்ன செஞ்சேன்னு சொல்லிட்டீன்னா, அதையே அவளும் செஞ்சாளான்னு பாத்துக்கிடுவோம்."

அவருக்கு அதில் கோணலாக எதுவும் தெரியவில்லை. வந்த இருவருக்கும் தெரியவில்லை. ராசகனிக்கு நிலைப்படி கண்ணுக்குள் வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும்; ஆமா அண்ணாச்சி, மண்ணாப் போங்கன்னு சொன்னேன், அது பலிச்சிட்டு என்று சொன்னால் போதும். தங்கபுஷ்பம் வாயில் அந்தச் சொல் வராத நாள் உண்டா. மூன்று ஆட்டுக்காகத் தன்னைத் தூக்கிக் கொடுத்தவள், கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இந்தத் தகரத்துக்கடியில் வந்து வெந்து பார்க்கட்டும் என்று ராசகனிக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"அரிசி களஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

"அதுக்கு முன்னால?"

"அடுப்புப் பத்தவச்சேன்."

"அதுக்கும் முன்னால கேக்கேன், தாயி."

"வாசத் தெளிச்சேன். எந்திரிச்சேன். அதுக்கு முன்னால தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"அத எல்லாரும்தான செய்யுதோம்," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"ஆமா."

ஆதிலிங்கம் சொம்பைத் தரையில் வைத்தார். அவர் முகம் கறுத்துவிட்டது, கோபத்தில் என்று மற்ற இருவரும் நினைத்தார்கள்.

"அப்ப எந்தம்பி எதுக்குச் செத்தான்?"

அவர் அதை ஊர்த்தலைவராகக் கேட்கவில்லை. ராசகனிக்கு அவர்மேல் இருந்த ஆங்காரம் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தது. பொய் சொன்னால் அவருக்கும் நிம்மதி, தனக்கும் வீடு என்று தெரிந்துதான் பதில் சொன்னாள்.

"செவுரு ஓரமாக் கட்டில் போட்டிருந்தாரு அண்ணாச்சி."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அளத்தில் பெண்கள் உப்பு வாருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது பேசவேண்டுமே என்பதுபோல, இன்னொருவர் சொன்னார், பையன்கள் வாலிபால் மைதானம் நிரவ அந்தக் குழி மேட்டிலிருந்து நாலு டிராக்டர் மண் அள்ளினார்கள், அது மட்டும் திரும்பி வரவே இல்லை, அதுவும் அதிசயம்தான் என்று. ராசகனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கன ஆளு குடியில்லல்லா, அதான். யாரு வீட்டுக்குன்னு திரும்பி வரும்?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"தங்கம் வீட்டத் தோண்டுனா அதுவும் ஒரு நாளு நெறயும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் யாரு வீட்டத் தோண்டுவீய? இருக்க குழியவே அள்ளுங்க. நெறய நெறய அள்ளுங்க. அள்ளிக் கடல்ல போடுங்க."

"அள்ளலாம்," என்று இழுத்தார் ஆதிலிங்கம். "ஆனா நீ வந்து குடியேறிட்டா..."

"அப்ப மண்ணுக்கு வீடு தெரிஞ்சுபோவும்."

"அதான கேக்கேன். அப்ப நீ?"

ராசகனி சொம்பை எடுத்துக் கவிழ்த்தாள், அதில் தண்ணீர் இல்லை. பட்டா பெட்டியில் இருக்கிறது, கதவுக்குப் பச்சை அடிக்கவேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது, பொழுது சாய்ந்து வந்து துடைக்க ஒரு படி, எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். தங்கபுஷ்பத்துக்காகவா என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. தங்கபுஷ்பத்துக்காக இல்லை என்று சொல்லிக்கொண்டாள், அதுவும் முழுக்க நிஜமில்லை.

"நான் வரல," என்றாள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஆதிலிங்கம் கூட்டத்தில் அவள் சொன்னதைச் சொன்னதைப்போலவே எடுத்துச் சொன்னார், அரிசி களைந்ததைச் சொன்னார், கட்டிலைச் சொன்னார், ஆனால் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வேறாக மாறியிருந்தது. ராசகனியின் பாவம் அவ்வளவு பெரியது, ஒரு குழியோடு தீராது, காலத்துக்கும் அள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், அதை அவளே ஒத்துக்கொண்டாளாம் என்று பேசிக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் வீட்டைத் தோண்டுவதை விட்டு, ஆனி மாதத்தில் குழியை அள்ளுவது என்று வழக்கமானது. வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கூடை, குழியிலிருந்து கடல்வரை வரிசை. தும்மல் வந்தது, நடை வந்தது. குழி காலியாக இருந்தவரை தேர் வரவில்லை.

முதல் ஆனியில் ராசகனியும் வந்தாள். யாரும் அழைக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. உப்பு வாரிப் பழகியவள், அதற்குள் பாதி அள்ளியிருந்த குழிக்குள் நேரே இறங்கி, அடுக்களை இருந்த பக்கம் எது என்று பார்த்து, அங்கே நின்று அள்ளித் தர ஆரம்பித்தாள். கரையில் வரிசை நகர்ந்து நகர்ந்து தங்கபுஷ்பத்தின் முறை வந்தது. அவளும் மெலிந்திருந்தாள், சுவர்கள் புதிதாகக் கட்டி முடித்த களைப்பு முகத்தில் இருந்தது. ராசகனி நீட்டிய கூடையைக் குனிந்து வாங்கினாள்.

"ஒம் பாவத்த நாங்க சொமக்க வேண்டியிருக்கு பாருளா," என்றாள், பெரிய வருத்தம் ஒன்றும் இல்லாமல், பழைய குழாயடிப் பேச்சுபோலவே.

ராசகனி அவளைப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் தலையில் சும்மாடு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எட்டி அதை நேராக்கிவிட்டு, அடுத்த கூடைக்குக் குனிந்தாள்.